பூங்காவை 5 மணிக்கே திறக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எனக்கு 49 வயது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் இருபது வருடமாகப் பற்றவைக்கிற வேலை. நெருப்பு எனக்குப் புதிதில்லை. ஆனால் போன வருடம் மாதவிலக்கு தள்ளித் தள்ளி வர ஆரம்பித்தபோது நெஞ்சிலிருந்து முகத்துக்குக் குபுகுபுவென்று ஏறிய சூடு வேறு. வேலையை அப்படியே வைத்துவிட்டு வாசலில் போய் நிற்பேன். ரவிக்கை நனைந்துவிடும், அப்புறம் குளிரெடுக்கும். ராத்திரி மூன்றரைக்கு அதே சூடு எழுப்பிவிட்டால் விடியும்வரை தூக்கமில்லை.

டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார்: "நடந்தால் சூடு நின்றுவிடும் என்று சொல்ல மாட்டேன். தூக்கம் வரும், மனசு லேசாகும், எலும்புக்கு நல்லது." இந்த வயதில் ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் குறையும்போது எலும்பு வேகமாகத் தேய்கிறதாம். வாரத்துக்கு 150 நிமிடம் நடை, இரண்டு நாளாவது தசைக்கு வேலை. மாதவிலக்கு நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ரத்தம் பட்டால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் வந்துவிட வேண்டும் என்றார்.

நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காரச் சொன்னார். முதல் வாரம் மூன்றாவது தடவைக்கே தொடை நடுங்கியது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது. தும்மினால் சொட்டுகிறது என்று கூச்சத்தோடு சொன்னேன். சிறுநீரை அடக்குவதுபோல அடிப்பகுதியை இறுக்கி, ஐந்து எண்ணி விடச் சொன்னார். பட்டறையில் உட்கார்ந்தபடியே செய்யலாம், யாருக்கும் தெரியாது. பக்கத்தில் வேலை செய்யும் அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். "இத்தனை வருசமா யாரும் சொல்லலையே கண்ணு" என்றார்.

நான்கு மாதம் ஆகிறது. சூடு இன்னும் வருகிறது. ஆனால் மூன்றரைக்கு விழித்தால் மறுபடி தூங்கிவிடுகிறேன்.

நடக்கத்தான் இடமில்லை. ஏற்காட்டுக் குளிர் எல்லோருக்கும் வாய்க்காது. எங்களுக்குக் கிடைப்பது காலை 5 முதல் 6 வரை. அதன்பிறகு தண்ணீர், சமையல், டிபன் பாக்ஸ். எங்கள் பகுதிப் பூங்காவோ 6 மணிக்குத்தான் திறக்கிறது. நாய்களுக்குப் பயந்து குச்சியோடு நாலு பேர் தெருவில் நடக்கிறோம்.

பூங்காவை 5 மணிக்குத் திறக்க வேண்டும். நடைபாதையின் பின்பக்கம் எரியாமல் கிடக்கும் இரண்டு விளக்குகளைச் சரிசெய்ய வேண்டும். கழிவறைப் பூட்டையும் திறந்து வைக்க வேண்டும். ஆறு பேராக இருந்தோம். அந்தப் பூட்டுக்குப் பயந்தே இரண்டு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.