பாதுகாப்பு அறையில் வந்தது வராந்தா காற்று

அனுப்புநர்: நோயாளியின் மகள், பெரம்பூர், சென்னை
பெறுநர்: மேலாளர், நோயாளி சேவைப் பிரிவு

பொருள்: கீமோ நோயாளிகள் அறையில் காற்றுச் சுத்தம் இல்லாதது பற்றி

ஐயா,

ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கும் என் அம்மா சென்ற மாதம் உங்கள் மருத்துவமனையில் இருந்தார். கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுவான நியூட்ரோபில் 200க்கு இறங்கியதால் பாதுகாப்பு அறைக்கு மாற்றினார்கள். 500க்குக் கீழே போனால் சாதாரணக் கிருமியே ஆளைச் சாய்த்துவிடும் என்றார் டாக்டர். பூ கூடாது, பச்சைக் காய் கூடாது, மாஸ்க் இல்லாமல் உள்ளே வரக்கூடாது என்றீர்கள். எல்லாவற்றுக்கும் கட்டுப்பட்டோம்.

ஆனால் அந்த அறையில் ஓடியது வீட்டில் மாட்டுகிற ஸ்பிளிட் ஏசி. அது அறைக் காற்றையே குளிர வைத்துச் சுற்றிவிடும், அவ்வளவுதான். இப்படிப்பட்ட அறைக்கு, நுண்ணிய தூசியையும் கிருமியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் வழியாக மணிக்கு 12 தடவையாவது காற்று மாற வேண்டும். உள்ளே அழுத்தம் வராந்தாவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்; அப்போதுதான் கதவு திறந்தாலும் காற்று வெளியே தள்ளும். நான் டிஷ்யூ தாளைக் கதவின் அடி இடுக்கில் பிடித்துப் பார்த்தேன். பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போதெல்லாம் தாள் உள்பக்கம் இழுத்தது. மூன்று நாள் பார்த்தேன், மூன்று நாளும் அப்படித்தான்.

அந்த வராந்தாவில் காலை ஆறரைக்குத் துடைப்பத்தால் பெருக்குகிறார்கள். எதிர் வார்டில் பெட்ஷீட்டை உதறி மாற்றுகிறார்கள். உதிர்ந்த தோல் செதிலோடு ஸ்டஃபைலோகாக்கஸ் மாதிரி பாக்டீரியா காற்றில் ஏறுவது இப்படித்தானே? ஈரத்துணியால் துடைத்தால் இவ்வளவு தூசி எழாது. தெருவில் மெட்ரோவுக்குத் தோண்டும் மண் வேறு. அந்தத் தூசியில் வரும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை நல்ல உடம்பை ஒன்றும் செய்வதில்லை, அம்மா போன்றவர்களுக்கு நுரையீரலைப் பிடித்துக்கொள்ளும்.

ஐந்தாம் நாள் அம்மாவுக்கு 102 டிகிரி காய்ச்சல். அது காற்றால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. அவர் குடலிலிருந்தே கிருமி கிளம்பியிருக்கலாம். ஆனால் காற்று காரணமில்லை என்று உங்களாலும் சொல்ல முடியவில்லை. காற்றுப் பரிசோதனை அறிக்கை கேட்டேன். தரையிலும் கட்டிலிலும் துடைத்தெடுத்த மாதிரியின் அறிக்கையைக் கையில் கொடுத்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஐசியூ வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

சிஸ்டர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ராத்திரி பகல் பாராமல் கவனித்தார்கள். அறையை அப்படிக் கட்டியது அவர்கள் அல்ல.

கடந்த ஆறு மாதத்தில் அந்த அறைக் காற்றைப் பரிசோதித்திருந்தால், கன மீட்டருக்கு எத்தனை கிருமி என்ற கணக்கைக் கொடுங்கள். பரிசோதிக்கவில்லை என்றால் அதை எழுத்தில் சொல்லுங்கள். 'பாதுகாப்பு அறை' என்று பில்லில் போட்ட கூடுதல் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும்.

அம்மாவுக்கு அடுத்த கீமோ மூன்று வாரத்தில். அதற்கு முன் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
நோயாளியின் மகள்