காற்றாட ஒரு சொல்

இராயபுரம், சென்னை.

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் செவ்வாயன்று வந்தது. மகள் வீட்டுப் புதுமனை புகுவிழா அழைப்பிதழை முதலில் ஆங்கிலத்தில் எழுதிவிட்டார்கள் என்றும், அதில் மொட்டை மாடி விருந்தைக் குறிக்கும் ‘அல்ஃப்ரெஸ்கோ’ என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன போடுவது என்றும் கேட்டிருந்தாய். இரண்டு நாளாக எனக்கு இதே நினைவுதான்.

‘திறந்தவெளியில்’ என்று எழுதினால் பிழையில்லை. ஆனால் இத்தனை ஆண்டுகள் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவனுக்கு, திறந்தவெளி என்றதும் பொதுக்கூட்டமும் திறந்தவெளிச் சிறைச்சாலையும்தான் முன்னால் வந்து நிற்கின்றன. விருந்துக்குரிய குளிர்ச்சி அதில் இல்லை. அந்த ஆங்கிலச் சொல்லுக்கோ குளிர்ச்சியே உயிர். அது இத்தாலிய மொழியிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. ‘ஃப்ரெஸ்கோ’ என்றால் குளிர்ந்தது, புதியது என்று இரண்டு பொருளும் உண்டு. நம் ‘பச்சை’ என்ற சொல் இதற்கு மிக நெருங்கிய உறவு என்று எனக்குத் தோன்றுகிறது. காசிமேட்டில் கருவாட்டுக்கு எதிர்ச்சொல் பச்சை மீன். காய்ச்சாத தண்ணீர் பச்சைத் தண்ணீர். சுடாத கல் பச்சைச் செங்கல். ஈரம் காயாத சுண்ணாம்புப் பூச்சின் மேல் வண்ணம் தீட்டும் சுவரோவியத்துக்கு ஃப்ரெஸ்கோ என்ற பெயர் வந்ததும் இந்தப் பொருளில்தான்.

ஒரு வியப்பையும் சொல்ல வேண்டும். வெளியில் அமர்ந்து உண்பதற்கு இத்தாலியர் இன்று ‘அல்லாபெர்த்தோ’ என்கிறார்கள். ஒருவனை ‘அல் ஃப்ரெஸ்கோ’வில் வைத்தார்கள் என்றால் அங்கே பேச்சுவழக்கில் அவன் சிறையில் இருக்கிறான் என்று பொருள், நாம் ‘மாமியார் வீடு’ என்பது போல. ஆங்கிலத்தில் அந்தப் பொருள் ஒட்டவில்லை.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் ஆட்சி மிகக் குறுகியது. உணவு, விருந்து, மாலைத் தேநீர் இவற்றோடுதான் பெரும்பாலும் சேரும். மைதான விளையாட்டுக்கு ‘அவுட்டோர்’, கூரையில்லாத அரங்குக்கு ‘ஓப்பன் ஏர்’ என்பார்களே தவிர, அல்ஃப்ரெஸ்கோ கால்பந்து என்று யாரும் எழுதுவதில்லை. நம் துறைமுகத்தில் வெயிலில் மூட்டை இறக்குபவரும், மணலில் கருவாடு காயவைக்கும் பெண்களும் நாள் முழுவதும் வெளியில்தான் இருக்கிறார்கள். அந்த உழைப்புக்கு இந்தச் சொல் பொருந்தாது. விரும்பி வெளியே வந்து, ஓய்வாக உட்கார்ந்திருப்பவருக்கே அது உரியது.

எனக்கு விடை கிடைத்தது போன ஞாயிற்றுக்கிழமை இரவில். மாடித் தரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்திருக்கிறோம் என்று முன்பே எழுதியிருந்தேன் அல்லவா? அன்று மின்சாரம் நின்றுபோனது. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் வீட்டில் கருவாட்டுக் குழம்புதான். மனைவி தரையில் நீர் தெளித்துக் கோரைப்பாயை விரித்து, “இப்படிக் காற்றாட உட்கார்ந்து சாப்பிடுங்கள்” என்றாள். துறைமுகத்துப் பளுதூக்கி இயந்திரங்களின் விளக்குகள் மட்டும் எரிந்துகொண்டிருந்தன; கடற்காற்று தட்டின் ஓரத்து வாழையிலையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு, அவள் சொன்ன சொல்லை நான் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.

காற்றாட. குளிர்ச்சி, ஓய்வு, விருப்பம் மூன்றும் அதற்குள் இருக்கின்றன. காற்றாட நடந்தோம், காற்றாடப் பேசினோம் என்கிறோம். காற்றாட மூட்டை தூக்கினான் என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலச் சொல்லுக்கு வைத்த அதே சோதனையில் இதுவும் தேறுகிறது. ஒரே ஒரு குறை: சன்னலோரம் உட்கார்ந்தாலும் காற்றாட என்போம், ஆகவே இடத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நிலாச்சோறு என்ற அழகான சொல்லும் நினைவுக்கு வந்தது. ஆனால் விழா நாளில் நிலவு இருக்குமா என்று நீ பஞ்சாங்கம் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆகவே, ‘இரவு விருந்து: மொட்டை மாடியில், காற்றாட’ என்று போடச் சொல். காற்றாட என்பதை விருந்துக்கு முன்னால் அடைமொழி போல ஒட்டவைக்க வேண்டாம். பின்னால் தனியாக நின்றால்தான் அது இயல்பாக ஒலிக்கிறது. ‘ற்’றில் புள்ளி விடுபடாமல் பார்த்துக்கொள். அச்சுக்குக் கொடுக்கும் முன் மெய்ப்பை எனக்கு ஒருமுறை அனுப்பிவிடு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்