மூன்று ஏழு வந்தால் மறைப்பதா, கட்டுவதா? ஓசூரில் இருக்கும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

அறைத்தோழனோடு ஆடிய இருவர் போக்கரில் உன் கையில் இரண்டு ஏழு இருந்ததாகவும், ஃப்ளாப்பில் (இருவருக்கும் பொதுவாக நடுவில் முதலில் திறக்கும் மூன்று சீட்டுகளில்) ராஜா, 7, 2 விழுந்ததும் மூன்று ஏழு சேர்ந்ததை அவன் அறியக்கூடாதென்று பந்தயம் கட்டாமல் செக் செய்ததாகவும், கடைசியில் சொற்பக் கொட்டைகளே கிடைத்ததாகவும் எழுதியிருந்தாய். காசுக்குப் பதிலாகப் புளியங்கொட்டை வைத்து ஆடுவது நல்ல பழக்கம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது, தருமபுரியில் கொட்டைக்கும் பஞ்சமில்லை.

மறைப்பதா, கட்டுவதா என்று கேட்டிருந்தாய். பெரும்பாலான நேரங்களில் கட்டு என்பேன். ஆளுக்கு 200 கொட்டை, சீட்டைப் பார்க்கும் முன்பே இருவரும் கட்டாயமாக வைக்கும் பிளைண்ட் 1, 2 என்று வைத்துக்கொள். நீ 6 ஆக உயர்த்தி, அவனும் அதைப் போட்டுவிட்டால் நடுவில் 12 சேர்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் நடுவில் இருக்கும் அளவுக்கே நீ கட்டி, அவனும் தொடர்ந்தால், ஃப்ளாப்பில் 12, நான்காம் பொதுச் சீட்டான டர்னில் 36, கடைசிச் சீட்டான ரிவரில் 108 என்று அவனிடமிருந்து 156 கொட்டைகள் வருகின்றன. ஃப்ளாப்பில் இருவரும் செக் செய்தால் மிஞ்சுவது 12-உம் 36-உம், ஆக 48 மட்டுமே. ஃப்ளாப்பில் சும்மா இருந்ததால் நீ இழந்தது அந்தச் சுற்றின் 12 கொட்டைகளை என்று தோன்றும். உண்மையில் கைவிட்டுப் போனது ரிவரின் 108. அவன் மூன்று சுற்றும் தொடரமாட்டானே என்பாய். மூன்றில் ஒரு முறை முழுவதும் தொடர்ந்து, மற்ற இரு முறை ஒன்றுமே தராமல் போனாலும் சராசரி 52 வருகிறது. மறைத்து ஆடி ஒவ்வொரு முறையும் 48 பெற்றாலும் அதை எட்டாது.

ஆகவே கை எவ்வளவு வலுவானது என்பதோடு, எதிராளி எந்தச் சீட்டுகளை வைத்துக்கொண்டு உனக்குக் கொடுப்பான் என்பதையும் பார்க்க வேண்டும். உன் இரண்டு ஏழுக்கு எதிரே இன்னும் மூன்று ராஜாக்கள் வெளியே இருந்தன. ராஜா வைத்திருப்பவன் எளிதில் விடமாட்டான். அதே இடத்தில் உன் கையில் ஏஸ் ஜோடி இருந்து, நடுவில் ஏஸ், 7, 2 வெவ்வேறு சின்னங்களில் விழுந்திருந்தால் கதை வேறு. மிச்சமிருப்பது ஒரே ஒரு ஏஸ். அவனிடம் கொடுக்கத்தக்க கை அரிதாகவே இருக்கும். அங்கே ஒரு சுற்று செக் செய்து, அவனுக்கு ஒரு ஜோடி சேரவோ, அவனே வெறுங்கையோடு ப்ளஃப் அடிக்கவோ இடம் விடலாம். ராணி ஜோடி வைத்திருக்கையில் ராணி, ஜாக், 9 விழுந்து, அதில் இரண்டு ஹார்ட்டினாக இருந்தால் தாமதிக்காமல் பெரிதாகக் கட்டு. ஸ்ட்ரெய்ட்டுக்கும் (வரிசையான ஐந்து சீட்டு) ஃப்ளஷ்ஷுக்கும் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) காத்திருப்பவன் அடுத்த சீட்டை இலவசமாகப் பார்க்கக் கூடாது.

இருவர் ஆட்டத்தில் "வலுவான கை" என்பதன் எல்லையே தளர்ந்துவிடுகிறது. ஏஸ் ஜோடி 221 கைகளுக்கு ஒருமுறைதான் வரும். அதற்காகக் காத்திருந்தால் பிளைண்டே உன்னைத் தின்றுவிடும். ஜோடியில்லாத இரு சீட்டு ஃப்ளாப்பில் ஒரு ஜோடியாவது பிடிப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு முறை என்பதால், ஒன்பது பேர் மேசையில் சந்தேகத்தோடு ஆட வேண்டிய மேல்ஜோடிகூட (நடுவிலுள்ள பெரிய சீட்டோடு சேரும் ஜோடி) இங்கே கட்டத் தகுந்த கை.

வலுவான கையில் மட்டும் கட்டினால் அவன் இரண்டு மாலைகளில் கண்டுகொள்வான். 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்கில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 கைகளில் வென்ற லிப்ராட்டஸ் என்னும் கணினி நிரல், சில நேரம் நடுவில் இருந்ததைவிடப் பெரிதாகக் கட்டியது. நல்ல கையோடும் கட்டியது, வெறுங்கையோடும் கட்டியது. நீயும் அவ்வப்போது காலிக் கையோடு அதே அளவைக் கட்டிப் பழகு.

இருவர் ஆட்டத்தில் பட்டனில், அதாவது சீட்டுப் போடுபவரின் இடத்தில், இருப்பவனே சின்ன பிளைண்டை வைப்பவன். ஃப்ளாப்புக்குப் பின் அவன்தான் கடைசியில் பேசுவான். நீ பெரிய பிளைண்டில் இருந்து செக் செய்தால் அவனும் செக் செய்து ஒரு சுற்று வீணாகலாம். ஆகவே அங்கே நல்ல கை வந்தால் ஃப்ளாப்புக்கு முன்பே, அவன் உயர்த்தியதற்கு மேல் உயர்த்தி மறு ரெய்ஸ் செய்துவிடு. செக் காட்டிவிட்டு ரெய்ஸ் அடிக்கும் உத்தி, செக்கைப் பார்த்தாலே கட்டுகிறவனிடம் மட்டுமே பலிக்கும். உன் அறைத்தோழன் அப்படிப்பட்டவனா என்று கவனித்து எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா
தருமபுரி