பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் உள்ள புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் சில வாரங்களாக ஒரு குரல் பதிவு சுற்றி வருகிறது. அதை எங்களுக்கே அனுப்பிவைத்து, "என்ன அண்ணே இது?" என்று அக்கறையோடு விசாரித்தவர்கள் பலர். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளிச் சக்தியைக் கூட்டும் டர்போவைப் போடக் கேட்டுப் போனவருக்கு டயரையும் பிரேக் ஆயிலையும் விற்றுக் காசு பார்த்துவிட்டார்கள், நாலாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் செலவழித்தும் கார் கொஞ்சம்கூட வேகமாகப் போகவில்லை, எங்கள் பட்டறைக்கு ஸ்போர்ட்ஸ் கார் வேலையே தெரியாது என்பதுதான் அந்தப் பதிவின் சாரம். பேசியவர் வயதில் இளையவர், நம் வாடிக்கையாளர். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. விலை கூடுதல் என்று யார் சொன்னாலும் கேட்டுக்கொள்ளலாம். வேலை தெரியாது என்ற பேச்சைத்தான் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஆகவே சற்று நீளமாகவே எழுதுகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தம்பி வாங்கி வந்தது 2013-ஆம் ஆண்டு டோயோட்டா 86. தேர்வில் குறை சொல்வதற்கில்லை. பிஸ்டன்கள் இருபக்கமும் படுத்தவாக்கில் இயங்கும் இரண்டு லிட்டர் பாக்ஸர் எஞ்சின், 200 குதிரைத்திறன், பின்சக்கர இயக்கம், சுமார் 1,250 கிலோ எடை என்று, ஓட்டத் தெரிந்தவருக்கு அளவாக அமைந்த கார் அது. ஆனால் கடைக்கு வந்தது தொழிற்சாலையிலிருந்து புறப்பட்ட கார் அல்ல. பல கைகள் மாறி, ஒவ்வொரு கையும் எதையோ மாற்றி, எதையோ மாற்றாமல் விட்ட கார். அதை ஹோய்ஸ்டில் (காரைத் தூக்கும் மேடையில்) ஏற்றியபோது பின் டயர்களின் பக்கவாட்டில் 0816 என்ற எண் இருந்தது. 2016-ஆம் ஆண்டின் எட்டாவது வாரத்தில் வார்க்கப்பட்ட டயர் என்பது அதன் பொருள். டயரின் பூ (மேற்பரப்பு வரிப்பள்ளம்) இன்னும் ஆழமாகவே இருந்ததால் பார்ப்பவர் கண்ணுக்கு அது நல்ல டயர்தான். நகத்தால் அழுத்திப் பார்த்தால் தடம் பதியாத அளவுக்கு ரப்பர் இறுகிப்போயிருந்தது. முன் டயர்கள் வேறு நிறுவனத்தினுடையவை. பின்சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையான லோவர் ஆர்மின் புஷ்ஷில் (இணைப்பு ரப்பரில்) கம்பியை வைத்து நெம்பியபோது ரப்பர் ஒரு பக்கம் முழுவதும் கிழிந்து வாய் பிளந்தது. பேடை டிஸ்க்கின்மேல் அழுத்தும் பிரேக் காலிப்பரிலிருந்து வடித்தெடுத்த ஆயில் தே-ஓ (பாலில்லாத் தேநீர்) நிறத்தில் இருந்தது. இவை எல்லாவற்றையும் அவரை அழைத்து அங்கேயே காட்டினோம். குரல் பதிவில் இந்தப் பகுதி மட்டும் எப்படியோ விடுபட்டுவிட்டது.

பிரேக் ஆயிலைப் பற்றிப் பலர் சிரித்துப் பேசியிருப்பதால் அதைக் கொஞ்சம் விளக்கவேண்டியிருக்கிறது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர அளவு. அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது, ஈரம் 3.7 விழுக்காட்டை எட்டும்போது அதே ஆயிலுக்கான அளவு 155 பாகையாக இறங்கிவிடுகிறது. நம் நாட்டுக் காற்றின் ஈரப்பதத்தில் அந்த நிலையை எட்ட நெடுங்காலம் தேவையில்லை. கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக இறங்கும்போது வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தால் காலிப்பர் சூடேறி, ஆயில் கொதித்து, குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். ஆயிலைப் போலன்றி ஆவி அமுங்கக்கூடியது. மிதிக்கும் விசை அதிலேயே போய்விட, பெடல் தரை வரை இறங்கும். 200 குதிரைத்திறன் உள்ள காரில் இது நடந்தால் என்ன ஆகுமோ, டர்போ போட்டு 280 ஆக்கிய காரில் அதைவிடச் சீக்கிரமாகவே ஆகும். டர்போவுக்கு முன்பு ஆயில் மாற்றுங்கள் என்று சொன்னதற்குக் காரணம் இவ்வளவுதான். ஒரு போத்தல் பிரேக் ஆயிலில் எங்களுக்குக் கிடைக்கும் இலாபத்தையும் ஒரு டர்போ கிட்டில் கிடைக்கக்கூடிய இலாபத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால், காசு பார்க்க நினைத்தவன் எதை விற்றிருப்பான் என்று உங்களுக்கே புரியும்.

நாலாயிரத்தில் ஏறக்குறைய பாதி நான்கு டயர்களுக்கே போயிற்று என்பது உண்மை. அதற்காக நாங்கள் வருந்தவில்லை. முடுக்குவதும் நிறுத்துவதும் திருப்புவதும் உள்ளங்கை அகல ரப்பர் நான்கின் வழியாகத்தான் நடக்கின்றன. பெரிய பிரேக் கிட் போடச் சொல்லிக் கேட்பவர்களிடமும் இதையே சொல்கிறோம். இருக்கும் பிரேக்கே சக்கரத்தைப் பூட்டப் பார்த்து, பூட்டாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்ஸை வேலை செய்ய வைக்கிறது என்றால், ஒரே ஒரு முறை அவசரமாக நிறுத்துவதற்குப் பெரிய டிஸ்க்கால் எந்தப் பயனும் இல்லை. அது தருவது சூட்டைத் தாங்கும் திறன் மட்டுமே. செப்பாங் ஓடுதளத்தில் 5.543 கிலோமீட்டர் சுற்றைத் திரும்பத் திரும்ப ஓட்டுபவருக்கு அது தேவைப்படலாம், அவருக்குங்கூட முதலில் நல்ல பேடும் புதிய ஆயிலும் போதும். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் வேலைக்குப் போய்வருபவருக்கு அது சக்கரத்தின் இடுக்கில் தெரியும் சிவப்புச் சாயம்தான்.

டயரிலும் அளவு வேண்டும். 200 டிரெட்வேர் எண்ணுள்ள (எண் குறைந்தால் ரப்பர் சீக்கிரம் தேயும்), பூ குறைந்த டயர்கள் காய்ந்த தார் சாலையில் அருமையாகப் பிடிக்கும். பக்கத்து ஊரான தைப்பிங்கின் மழையைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. சாலையில் தேங்கிய நீரை வெளியே தள்ள பூவில் ஆழம் வேண்டும். அது இல்லாத டயர் நீரின்மேல் மிதக்கத் தொடங்கிவிடும். போதாததற்குச் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் தோட்ட வாசலில் இழுத்து வந்து போடும் செம்மண் வேறு. தினமும் ஓட்டும் காருக்கு மழையில் நன்றாகப் பிடிக்கும் சாலை டயரைத்தான் பரிந்துரைக்கிறோம், அதையே தொடர்ந்தும் பரிந்துரைப்போம்.

காரைத் தாழ்த்துவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்பிரிங்கும் அப்சார்பரும் சேர்ந்த, உயரம் மாற்றக்கூடிய காய்லோவரில் மலிவானதைப் போட்டு, டயருக்கும் மட்கார்டுக்கும் இடையில் விரல் நுழையாத அளவுக்கு இறக்கிவிட்டால், அப்சார்பரின் தண்டு ஒவ்வொரு குழியிலும் அடித்தடுப்பு ரப்பரில் போய் முட்டும். வளைவில் டயர் சாலையை விட்டுத் துள்ளும். அதே பணத்தில் புஷ் அனைத்தையும் மாற்றி, நல்ல அப்சார்பரைத் தொழிற்சாலை உயரத்திலோ இருபது மில்லிமீட்டர் தாழ்வாகவோ பொருத்தி, முன்சக்கரங்களின் மேல்பகுதி உள்நோக்கிச் சாயும்படி ஒன்றரை பாகை நெகட்டிவ் கேம்பர் கொடுத்து அலைன்மெண்ட் (சக்கரக் கோணச் சீரமைப்பு) செய்தால், 86 போன்ற காரின் முன்பகுதி திருப்பத்தில் எவ்வளவு கூர்மையாக நுழைகிறது என்பதை ஓட்டிப் பார்த்தவர்கள் அறிவார்கள். புகைப்படத்தில் அது தெரியாது என்பதுதான் சிக்கல்.

இனி அந்தத் தம்பி கேட்ட குதிரைத்திறன். 86-இன் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் எவ்வளவு அமுக்கப்படுகின்றன என்பதைக் காட்டும் அழுத்த விகிதம் 12.5-க்கு 1. டர்போ இல்லாமல் காற்றைத் தானே உறிஞ்சும் எஞ்சினுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உயர்ந்த விகிதம் அது. அதில் டர்போ போட முடியாது என்று நாங்கள் ஒருபோதும் சொல்லவில்லை. போட்டால் எரிபொருள் அளவு, தீப்பொறி நேரம், ஆயில் குளிர்விப்பான், கிளட்ச் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும், அத்தனையும் சேர்ந்தால் கார் வாங்கிய விலையில் பெரும்பகுதி ஆகிவிடும், அதற்கு முன்பு எஞ்சினின் உடல்நிலையைக் கம்ப்ரஷன் சோதனையில் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் சொன்னோம். மேலும், ஆரம்ப ஆண்டுகளில் வந்த இந்த எஞ்சின்களின் வால்வு ஸ்பிரிங்குகளுக்காக 2018-இல் உலகளவில் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. உங்கள் காருக்கு அது பொருந்துமா, வேலை முடிந்துவிட்டதா என்பதைச் சேசிஸ் எண்ணைக் கொடுத்து அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தில் கேட்டுக்கொள்ளாமல் அந்த எஞ்சினில் யாரும் காசைக் கொட்டக் கூடாது.

அதே காருக்கு எங்கள் மனத்தில் பயனுள்ளதாகப் படும் எஞ்சின் வேலை ஒன்று உண்டு. சுமார் 3,500 முதல் 4,500 சுழற்சி வரை அந்த எஞ்சினின் முறுக்குவிசை ஒரு பள்ளத்தில் இறங்குகிறது; லோரியை முந்த நினைக்கும் நேரத்தில்தான் அது நன்றாகத் தெரியும். எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் முதல் குழாய்த் தொகுதியான ஹெடர் நல்லதாக அமைந்து, அதற்கேற்ற இ.சி.யூ. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) டியூனும் சேர்ந்தால் அந்தப் பள்ளம் பெருமளவு நிரம்பும். உச்சக் குதிரைத்திறன் அதிகம் ஏறாது, ஆனால் தினமும் ஓட்டும்போது வித்தியாசம் காலில் தெரியும். பின்பகுதி எக்ஸோஸ்ட்டை மட்டும் மாற்றுவதில் கிடைப்பது பெரும்பாலும் சத்தமே. திறந்த ஏர் ஃபில்டரோ பல நேரங்களில் இருப்பதையும் குறைக்கும்: வெளியே 33 பாகையாக உள்ள காற்றை விட்டுவிட்டு, போனட்டுக்குள் 60 பாகைக்குக் காய்ந்த காற்றை அது உறிஞ்சினால் காற்றின் அடர்த்தி 8 விழுக்காடு குறைகிறது, எஞ்சினின் சக்தியும் அந்தக் கணக்கிலேயே இறங்கப் பார்க்கும். இதற்கு நேர்மாறாக, அந்தத் தம்பியின் பூட்டில் முந்தைய உரிமையாளர் விட்டுச்சென்ற ஒலிபெருக்கிப் பெட்டியை இறக்கி வைத்தோம். இருபது கிலோ இருக்கும். எடைக் கணக்கில் பார்த்தால் அது மூன்று குதிரைத்திறனுக்குச் சமம். அதற்குக் கட்டணம் எதுவும் வாங்கவில்லை. காரின் சக்தியை அளக்கும் டைனோ இயந்திரத்தின் தாளைக் காட்டி வாதிடுபவர்களுக்கு ஒன்று: ஒரே இயந்திரத்தில் முன்னும் பின்னும் எடுத்த தாளாக இருந்தால் பேசலாம், வேறு வேறு ஊரில் எடுத்த தாள்களை ஒட்டவைத்துப் பேசுவதில் பொருளில்லை.

டர்போவுடனேயே பிறந்த காரின் கதை வேறு. ஏழாம் தலைமுறை கோல்ஃப் ஜி.டி.ஐ. போன்றவற்றில் இ.சி.யூ. டியூன் ஒன்றே செலவழித்த காசுக்கு முழு மதிப்பு தரும். அங்கே நாங்களே அதை முன்மொழிகிறோம். அங்கும் முதலில் வாட்டர் பம்ப் பகுதியில் கசிவு இருக்கிறதா, ஸ்பார்க் பிளக்குகள் எப்படி இருக்கின்றன, ஆறு வேக டி.எஸ்.ஜி. (இரட்டைக் கிளட்ச் தானியங்கி) கியர்பாக்ஸின் ஆயிலும் ஃபில்டரும் 60,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டே தொடங்குவோம். 1998-இல் வந்த புரோட்டோன் சத்ரியா ஜி.டி.ஐ. வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கு வேண்டுகோள் ஒன்றே: துருவைப் பாருங்கள், எஞ்சின் மவுண்டிங்கைப் பாருங்கள், லோட்டஸ் பொறியாளர்கள் கைவைத்த சஸ்பென்ஷனை அதன் போக்கில் விடுங்கள்.

எஞ்சினையே மாற்ற நினைப்பவர்கள் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் சோதனையும் இல்லாமல் எங்களிடம் வர வேண்டாம். மாற்றங்களைக் காப்புறுதி நிறுவனத்திடம் தெரிவிக்காமல் விட்டால், விபத்து நேரத்தில் இழப்பீடு கேட்கும்போது அதுவே தடையாகலாம்.

பட்டறையின் நிலைமையையும் நீங்கள் அறிந்திருப்பீர்கள். ஐந்து பேருக்கும் குறைவான பணியாளர்களை வைத்திருக்கும் எங்களைப் போன்ற கடைகளுக்கும் 2025 ஆகஸ்ட் 1 முதல் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது. நம் பிள்ளைகளுக்கு அது கிடைக்க வேண்டிய சம்பளம்தான், குறை சொல்லவில்லை. அலைன்மெண்ட் வேலையைக் கண்ணும் கருத்துமாகச் செய்துவந்த நம் தம்பி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார் என்பதும் பலருக்குத் தெரியும். அங்கே கிடைக்கும் சம்பளத்தோடு நாங்கள் போட்டியிட முடியாது, அவர் நன்றாக இருக்கட்டும். இதனால் அலைன்மெண்ட் இப்போதைக்குச் சனிக்கிழமைகளில் முன்பதிவின் பேரில் மட்டுமே நடைபெறும் என்பதையும், புதிதாக வாங்கிய காருக்கான முழுச் சோதனைக்கு இனி 180 ரிங்கிட் கட்டணம் உண்டு என்பதையும் அன்புடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

குரல் பதிவு பரவிய வாரத்தில் வேண்டுமென்றே காரைக் கொண்டுவந்து ஆயில் மாற்றிப்போன ஐயாமார்களையும், குழுக்களிலேயே எங்களுக்காகப் பதில் எழுதிய தம்பிமார்களையும், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வடைப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுப் போன அக்காவையும் நாங்கள் மறக்க மாட்டோம். தோட்டத்து லோரி, அப்பாவின் பழைய புரோட்டோன் சாகா, மகனின் முதல் ஸ்போர்ட்ஸ் கார் என்று ஒரே குடும்பத்தின் வண்டிகளைத் தலைமுறை தாண்டியும் எங்கள் கையில் ஒப்படைத்துவரும் உங்கள் நம்பிக்கைக்கு மனமார்ந்த நன்றி.

அந்தத் தம்பிக்கும் கதவு திறந்தே இருக்கிறது. புதிய டயர்கள் ஓரளவு ஓடிப் பழகியிருக்கும் இந்த நேரத்தில் அலைன்மெண்ட்டை ஒரு முறை சரிபார்ப்பது நல்லது. அவர் விரும்பினால் ஹெடர் வேலையைப் பற்றியும் அப்போது பேசலாம். புதிதாகக் கார் வாங்கி வருபவர்கள் முந்தைய உரிமையாளரின் சேவைப் பதிவேட்டையும், உரிமை மாற்றத்துக்காக எடுத்த பி5 சோதனை அறிக்கையையும், மாற்றிய பாகங்களின் ரசீதுகள் இருந்தால் அவற்றையும் மறவாமல் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
பட்டறை உரிமையாளர்,
சுங்கை சிப்புட், பேராக்