மலை யார் பெயரில் இருந்தது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். உங்கள் நியூ மெக்சிகோ மாநிலத்துக் கொராலெஸ் ஊரில் நீங்கள் இருவரும் பார்த்துவிட்டு வந்த மனையின் வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்துப் பார்த்தேன். முகப்பு இவ்வளவு குறுகியும் உள்ளே இவ்வளவு நீண்டும், ஒரு முனை வாய்க்காலைத் தொட்டுக்கொண்டும் கிடப்பது ஏன், பக்கத்திலேயே இருக்கும் ரியோ ராஞ்சோவில் இப்படி இல்லையே என்று கேட்டிருந்தாய். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இதற்கான விடை அளவையில் மட்டும் இல்லை. நீ குடியிருக்கும் சீமை எப்படி அமெரிக்காவுக்குள் வந்தது என்பதிலும் இருக்கிறது. தொலைபேசியில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன்.

கொராலெஸ் இருக்கும் நிலம் 1710இல் ஸ்பெயின் மன்னரின் பெயரால் வழங்கப்பட்ட ஆலமேடா மானியத்தைச் சேர்ந்தது. அக்காலத்து நியூ மெக்சிகோவில் ஆளுநர் தனி ஆளுக்கும் நிலம் வழங்குவார். குடியேற முன்வந்த பல குடும்பங்களுக்குச் சேர்த்தும் வழங்குவார். ஊர் மானியமாக இருந்தால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வீட்டுமனையும், வாய்க்காலில் தொடங்கி மேட்டை நோக்கி நீளும் ஒரு துண்டு வயலும் கிடைக்கும். அளவுக்கோல் வாரா எனப்படும். நம் கணக்கில் ஏறத்தாழ 33 அங்குலம். மழை அரிதான அந்தச் சீமையில் தண்ணீர் எட்டாத நிலத்துக்கு மதிப்பில்லை என்பதால், வாய்க்கால் ஓரத்து அகலத்தைத்தான் அளந்து கொடுத்தார்கள். தகப்பன் காலமானபின் பிள்ளைகள் பாகம் பிரிக்கும்போதும், யாருக்கும் வாய்க்கால் முகப்பு இல்லாமல் போய்விடக் கூடாது என்று நீளவாக்கிலேயே வகுந்தார்கள். சில தலைமுறைகள் இப்படி வகுந்தால் நீ அனுப்பிய வரைபடம் வந்துவிடும். அந்த வாய்க்காலை அங்கே அசேக்கியா என்பார்கள். ஆண்டுதோறும் மயோர்தோமோ என்ற பொறுப்பாளரைத் தேர்ந்தெடுத்து, குளிர் விலகியதும் பாத்தியதை உள்ள குடும்பங்கள் மண்வெட்டியோடு இறங்கித் தூர்வாரி, முறை வைத்துப் பாய்ச்சிக்கொள்வது வழக்கம். நம் குடிமராமத்தும் நீர்க்கட்டியும் போலத்தான். வடக்கு நியூ மெக்சிகோவில் இன்றும் நூற்றுக்கணக்கான அசேக்கியாக்கள் இந்த முறையில் நடக்கின்றன.

வீடும் வயலும் மட்டும் ஊர் மானியம் ஆகிவிடாது. அவற்றுக்குப் பின்னால் இருக்கும் மலையும் காடும் புல்வெளியும் ஊருக்குப் பொது. ஆடு மேய்வதும் விறகு எடுப்பதும் வீட்டுக்கு உத்திரம் வெட்டுவதும் அங்கேதான். அதில் தன் பங்கை விற்க ஒருவருக்கும் உரிமையில்லை. இன்னொருவரை வராதே என்று தடுக்கவும் உரிமையில்லை. நம் வருவாய்க் கணக்கில் இதை மேய்க்கால் புறம்போக்கு என்று எழுதியிருப்போம். ஆனால் நம் புறம்போக்கு அரசாங்கத்துக்குச் சொந்தம். அங்குள்ளவர்கள் அந்த மலையை ஊருக்குச் சொந்தம் என்றே எண்ணி வாழ்ந்தார்கள். பின்னால் நேர்ந்த இழப்பு முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டின் வழியாகத்தான் நுழைந்தது.

இப்போது கிழக்கே இருந்து வந்தவர்களைப் பார்ப்போம். 1783இல் பிரிட்டன் விடுதலையை ஒப்புக்கொண்டபோது அமெரிக்காவின் மேற்கு எல்லை மிசிசிப்பி ஆறு. 1803இல் நெப்போலியனிடம் ஒன்றரைக் கோடி டாலருக்கு லூயிசியானாவை வாங்கியதும் நாட்டின் பரப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கானது. 1821இல் மெக்சிகோ ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்றது. அதே ஆண்டில் மிசூரியிலிருந்து நியூ மெக்சிகோவின் தலைநகரான சாண்டா ஃபேக்கு வணிக வண்டிப்பாதை திறந்தது. சரக்கு வந்த பாதையில் படை வர கால் நூற்றாண்டு ஆயிற்று. 1845இல் டெக்சாஸ் சேர்த்துக்கொள்ளப்பட்டது. அதன் எல்லை நுவேசஸ் ஆறா, ரியோ கிராண்டேயா என்ற தகராறில், குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் போக் இடைப்பட்ட நிலத்துக்குப் படையை அனுப்பினார், மோதல் நடந்தது, 1846 மே மாதத்தில் போர் அறிவிக்கப்பட்டது. கண்டம் முழுவதும் பரவுவது தங்கள் நாட்டுக்கு விதிக்கப்பட்ட கடமை என்று அக்காலத்துப் பத்திரிகைகள் எழுதின. பக்கத்து வீட்டுத் தோட்டத்தின் மீது கண் வைத்தவர்கள் எல்லாக் காலத்திலும் ஏதாவதொரு தெய்வ ஆணையைக் காட்டத்தான் செய்கிறார்கள்.

உன் மாநிலத்தில் அந்தப் போர் ஒரு குண்டுகூட வெடிக்காமல் தொடங்கியது. 1846 ஆகஸ்ட் 15 அன்று தளபதி ஸ்டீபன் கியர்னி லாஸ் வேகஸ் என்ற சிற்றூருக்கு வந்தார். சூதாட்ட நகரத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளாதே. இது உன் ஊருக்கு வடகிழக்கே இருப்பது. ஊர்த் திடலை ஒட்டிய ஒரு வீட்டு மொட்டைமாடியில் ஏறி நின்று, இனி நீங்கள் அமெரிக்க ஆட்சியின் கீழ் இருப்பீர்கள், உங்கள் உடைமைக்கும் சமயத்துக்கும் பாதுகாப்பு உண்டு, விலை கொடுக்காமலோ உடையவர் சம்மதம் இல்லாமலோ ஒரு மிளகாயையும் ஒரு வெங்காயத்தையும் என் வீரர்கள் தொடமாட்டார்கள் என்று அறிவித்தார். மூன்று நாள் கழித்து சாண்டா ஃபே அவர் கைக்கு வந்தது. மெக்சிகோ ஆளுநர் மானுவல் அர்மிஹோ தெற்கே ஓடிவிட்டார். எல்லாரும் அடங்கிவிடவில்லை. 1847 ஜனவரியில் தாவோஸில் கலகம் மூண்டு, புதிய ஆளுநர் சார்லஸ் பென்ட் கொல்லப்பட்டார். பதிலுக்கு அமெரிக்கப் படை, தாவோஸ் பியூப்லோ என்ற பழங்குடி ஊரின் மாதா கோவிலுக்குள் புகலடைந்தவர்கள் மீது பீரங்கியால் சுட்டது. அந்தக் கோவிலின் இடிந்த மணிக்கூண்டு இன்றும் நிற்கிறது. அடுத்த விடுமுறையில் போய்ப் பார்.

1848 பிப்ரவரி 2 அன்று குவாடலூப்பே இடால்கோ உடன்படிக்கை கையெழுத்தானது. ஒன்றரைக் கோடி டாலர் கொடுத்து, 5 லட்சம் சதுர மைலுக்கு மேல், அதாவது தமிழ்நாட்டைப் போலப் பத்து மடங்கு நிலத்தை அமெரிக்கா பெற்றது. அங்கிருந்த மெக்சிகோக் குடிமக்கள் விரும்பினால் வெளியேறலாம், தங்கினால் ஓராண்டில் அமெரிக்கக் குடியுரிமை கிடைக்கும், அவர்களுடைய சொத்து மதிக்கப்படும் என்று அதில் எழுதியிருந்தது. நில மானியங்களைக் குறித்துத் தனியாக எழுதப்பட்ட பத்தாவது பிரிவைப் போக் கேட்டுக்கொண்டபடி செனட் அடித்துவிட்டது. டெக்சாஸில் பழைய மானியங்கள் உயிர்பெற்றுவிடும் என்பது அவர்கள் அச்சம். ஆக, சொத்து மதிக்கப்படும் என்ற வாக்கு நின்றது. எது சொத்து, அதை யார் முன் எப்படி மெய்ப்பிப்பது என்ற விவரம் நிற்கவில்லை. பத்திரம் எழுதிப் பழகியவர்களுக்கு இதன் விளைவை விளக்க வேண்டியதில்லை.

1854இல் சாண்டா ஃபேயில் தலைமை நில அளவர் அலுவலகம் ஏற்பட்டது. அமெரிக்க அளவை முறை உனக்குத் தெரிந்திருக்கும்: ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரம், அதில் 36 பிரிவுகள், பிரிவுக்கு 640 ஏக்கர். ஆற்றின் வளைவுக்கும் மலையின் சரிவுக்கும் அந்தக் கட்டத்தில் இடமில்லை. பழைய மானியப் பத்திரங்களிலோ நான்கெல்லை இன்ன குன்று, இன்ன ஓடை, இன்னாருடைய வேலி என்று இருக்கும். ஐந்து மைல் தள்ளி அதே பெயரில் இன்னொரு குன்று இருந்தால் வழக்கறிஞருக்கு விருந்து. பத்திரங்கள் ஸ்பானிய மொழியில், விசாரணை ஆங்கிலத்தில், முடிவு வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸிடம். விண்ணப்பங்கள் பத்தாண்டுக் கணக்கில் கிடந்தன. 1870இல் ஆளுநர் வில்லியம் பைல் காலத்தில் சாண்டா ஃபே அரண்மனையில் இருந்த பழைய ஆவணங்களில் ஒரு பகுதி கழிவுக் காகிதமாக விற்கப்பட்டது என்று படித்தபோது, பதிவறையின் வாடையிலேயே வாழ்ந்த எனக்கு வயிறு எரிந்தது.

வழக்கு நடத்தப் பணம் வேண்டும். மேய்ச்சல்காரர்களிடம் காசு புழக்கம் இல்லை. எனவே வழக்கறிஞர்கள் கூலியாக நிலத்தையே எடுத்துக்கொண்டார்கள், பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும். 1876இல் வந்த ஒரு சட்டம், பங்குதாரர் எவரும் பொது நிலத்தைப் பாகம் பிரிக்கக் கோரி வழக்கிடலாம் என்றது; பிரிக்க முடியாவிட்டால் ஏலம், ஏலத்தில் எடுப்பவர் பணம் வைத்திருப்பவர். மெக்சிகோ காலத்தில் இல்லாத நிலவரி டாலரில் கட்டவேண்டியதாயிற்று. சாண்டா ஃபேயில் இருந்த வழக்கறிஞர், அரசியல்வாதி வட்டத்தின் தலைமகனான தாமஸ் கேட்ரன் இந்த வழிகளில் நாட்டின் மிகப் பெரிய நிலவுடைமையாளர்களில் ஒருவரானார். 1912இல் நியூ மெக்சிகோவின் முதல் செனட்டர்கள் இருவரில் அவரும் ஒருவர்.

போலிகளும் இல்லாமல் இல்லை. ஜேம்ஸ் ரேவிஸ் என்பவர் இல்லாத ஒரு பிரபுவின் வம்சத்தையே புனைந்து, மாதா கோவில் பதிவேடுகளில் இடைச்செருகல் செய்து, அரிசோனாவில் ஒரு சிறு நாட்டின் அளவு நிலம் தனக்குரியது என்றார். 1895இல் அது கள்ளம் என்று தீர்ப்பாகிச் சிறைக்குப் போனார். இப்படிப்பட்டவர்களால், உண்மையான உரிமையாளர்களின் பத்திரத்தையும் அதிகாரிகள் சந்தேகக் கண்ணோடு புரட்டினார்கள்.

1891இல் இதற்கென்றே தனி நீதிமன்றம் அமைத்தார்கள். கடைசி அடி அதற்கும் மேலே, உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது. 1897இல் சாண்டோவல் வழக்கில், ஊர் மானியத்தின் பொது நிலம் எந்நாளும் ஊருக்குச் சொந்தமாக இருந்ததில்லை, மன்னருக்கே சொந்தமாக இருந்தது, எனவே ஸ்பெயினிடமிருந்து மெக்சிகோவுக்கும் மெக்சிகோவிடமிருந்து அமெரிக்க அரசுக்கும் வந்துசேர்ந்தது என்று தீர்ப்பளித்தார்கள். அந்த வழக்கில் சான் மிகேல் தெல் வாடோ ஊர் மக்கள் கேட்டது சுமார் 3,15,000 ஏக்கர். கிடைத்தது வீடும் வயலுமான 5,000 ஏக்கர் சொச்சம். கியர்னியின் மிளகாயும் வெங்காயமும் தோட்டத்தில் பத்திரமாக இருந்தன; மலை போய்விட்டது. ஆடு மேய்க்க மலையில்லாமல் வயல் மட்டும் கொண்டு அந்த நாட்டில் பிழைக்க இயலாது. ஆண்கள் இருப்புப்பாதைக்கும் சுரங்கத்துக்கும் கூலிக்குப் போனார்கள். அந்தத் தீர்ப்புக்கு முன்பே, லாஸ் வேகஸ் பக்கத்தில் 1889, 1890இல் வெள்ளை முகமூடி அணிந்தவர்கள் இரவோடு இரவாகப் பண்ணைக்காரர்களின் முள்வேலிகளை அறுத்து எறிந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு ஸ்பானியக் குடிகளை மட்டுமே பறிகொடுத்தவர்களாக எண்ணிவிடாதே. 1598இல் ஸ்பானியக் குடியேறிகளை நடத்திக்கொண்டு ஓன்யாத்தே வந்தபோது, பியூப்லோ பழங்குடி மக்களின் வயலும் வாய்க்காலும் அங்கே இருந்தன. 1680இல் அம்மக்கள் ஒன்றுதிரண்டு ஸ்பானியரைப் பன்னிரண்டு ஆண்டுகள் விரட்டியே வைத்தார்கள். அமெரிக்க ஆட்சியில் நவஹோ பழங்குடி மக்களுக்கு வந்தது அதைவிடக் கொடியது. அமெரிக்கப் படையை நடத்திய கிட் கார்சன் அவர்களுடைய பயிரை எரித்தார். 1864இல் 8,000 பேருக்கு மேற்பட்டவர்களை நூற்றுக்கணக்கான மைல் நடக்கவைத்து போஸ்க் ரெடொண்டோ என்ற இடத்தில் அடைத்தார்கள். 1868இல்தான் ஓர் உடன்படிக்கையின் பேரில் அவர்கள் ஊர் திரும்ப முடிந்தது. உன் வீட்டிலிருந்து அரைமணி நேரப் பயணத்தில் இருக்கும் இஸ்லெட்டா பியூப்லோவின் மிகேல் த்ருஹியோ என்ற ஆசிரியர், இரண்டாம் உலகப் போரில் பணியாற்றித் திரும்பியபின் வாக்குரிமைக்காக வழக்காடி வெல்ல 1948 ஆயிற்று. நியூ மெக்சிகோவுமே மாநிலமாவதற்கு 1912 வரை காத்திருந்தது. ஸ்பானிய மொழி பேசும் கத்தோலிக்கர் நிறைந்த நாட்டை உள்ளே சேர்க்க வாஷிங்டனுக்கு மனம் வரவில்லை.

அரசுக்கு வந்த அந்த மலைகளில் பல இன்று தேசியக் காடுகள். சான் ஹோவாகின் மானியத்தில் கேட்டது சுமார் 4,72,000 ஏக்கர், உறுதியானது 1,423 ஏக்கர்; மீதியில் பெரும்பகுதி காட்டுத்துறையிடம் இருக்கிறது. பாட்டன் மேய்த்த இடத்தில் பேரன் உரிமச்சீட்டு வாங்கி, இத்தனை தலை மாடு என்று கட்டணம் கட்டி மேய்க்கிறான். 1966இல் ரெயெஸ் லோபெஸ் திஹெரினா என்பவர் தலைமையில் மானியக்காரர்களின் வாரிசுகள் கார்சன் தேசியக் காட்டில் ஓர் இடத்தைக் கைப்பற்றி, இது ஊர் நிலம் என்று அறிவித்தார்கள். 1967 ஜூன் 5 அன்று தியெர்ரா அமரீயா நீதிமன்றக் கட்டடத்துக்குள் ஆயுதத்தோடு நுழைந்தார்கள். அரசு பீரங்கி வண்டிகளோடு படை அனுப்பித் தேடியது.

2004இல் அமெரிக்கக் காங்கிரஸின் தணிக்கை அலுவலகம் இந்த மானியங்களைக் குறித்து விரிவான அறிக்கை வெளியிட்டது. அன்று பின்பற்றிய நடைமுறைகள் சட்டத்துக்கு உட்பட்டவைதாம், ஆயினும் அவை நியாயமாக இருந்தனவா என்பதில் ஐயம் உண்டு என்று சொல்லி, காங்கிரஸ் எண்ணிப்பார்க்க ஐந்து வழிகளை அது முன்வைத்தது. நிலத்தைத் திருப்பிக் கொடுப்பதும் பணம் கொடுப்பதும் அவற்றில் உண்டு. எதுவும் செய்யாமல் இருப்பதும் ஒரு வழியாக இருந்தது. அரசாங்க அலுவலகத்தில் காலம் கழித்தவன் ஆகையால், எது கடைப்பிடிக்கப்பட்டது என்று நான் தேடிப்பார்க்கவில்லை.

அன்புடன்,
அப்பா