மூலம் என்று விட்டுவிடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

2025 மருத்துவ நோபல் பரிசு பற்றிப் பலரும் எழுதினார்கள். அது குடல்நோயாளிகளுக்கும் முக்கியமான செய்தி என்பதைச் சொல்ல விரும்புகிறேன். அந்தப் பரிசைப் பெற்றவர்களுள் ஒருவரான ஜப்பானிய விஞ்ஞானி ஷிமோன் சகாகுச்சி 1995-ல் அடையாளம் காட்டிய ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்ற ஒருவகை ரத்த வெள்ளையணுக்கள், நோய் எதிர்ப்பு சக்தி நம் உடம்பையே தாக்காமல் அடக்குபவை. குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள். உண்ணும் சோறும் உடம்புக்கு அந்நியம்தான். அவற்றோடு சண்டை மூளாமல் காப்பதும் இவையே. இந்தச் செல்கள் உருவாகத் தேவையான ஃபாக்ஸ்பி3 மரபணு பழுதான குழந்தைகளுக்குப் பால்குடிப் பருவத்திலேயே கடும் வயிற்றுப்போக்கு வருவது அதனால்தான். குடலில் நாள்பட்ட அழற்சியை உண்டாக்கும் கிரோன் நோயிலோ, புண்ணான இடத்தில் இந்தச் செல்கள் இருந்தும் அழற்சி அடங்குவதில்லை. இவற்றை வெளியே பெருக்கித் திரும்பச் செலுத்தும் சிகிச்சை இன்னும் ஆய்வு நிலையில் இருக்கிறது.

எங்கள் வண்டிப்பெரியார் எஸ்டேட் லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்), மலத்தில் ரத்தம் போனால் மூலம் என்று நாட்டு மருந்தோடு நின்றுவிடுகிறார்கள். பெண்கள் வெளியே சொல்வதே இல்லை. அது கிரோன் நோயாகவும் இருக்கலாம். அந்த நோயைக் குடல் காசநோயிலிருந்து பிரித்தறிவது மருத்துவர்களுக்கே கடினம். பெருங்குடலுக்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியும் திசுப் பரிசோதனையும் வேண்டும். அதற்குக் கோட்டயமோ தேனியோ போனால் அன்றைய கூலி போச்சு. பீர்மேடு தாலுகாவிலேயே மாதம் ஒருமுறையாவது குடல்நோய் நிபுணர் வரவும், தமிழ் பேசும் செவிலியர் ஒருவர் உடனிருக்கவும் கேரள சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

– ஒரு வாசகி, வண்டிப்பெரியார், இடுக்கி மாவட்டம்