தெரியாத கோப்பைத் திறந்தே ஆக வேண்டியவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இணைய மோசடி பற்றிய அறிவுரைகளில், ‘முன்பின் தெரியாதவர் அனுப்பும் கோப்பைத் திறக்காதீர்கள்’ என்ற வரி தவறாமல் இடம்பெறுகிறது. ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் போன்றவர்களுக்கு அது நடக்கிற காரியமல்ல. யார் யாரோ அனுப்பும் பிடிஎஃப் கோப்புகளைத் திறப்பதுதான் எங்கள் பிழைப்பே. அப்படித் திறந்ததில் வைரஸ் இருந்தாலும் மற்ற வேலைகளைத் தொடாதபடி தடுக்க வழி உண்டு என்பதைச் சொல்லவே இக்கடிதம்.

கடந்த ஓராண்டாக என் லேப்டாப்பில் க்யூப்ஸ் ஓஎஸ் என்னும் இயங்குதளத்தைப் பயன்படுத்துகிறேன். போலந்து நாட்டுப் பாதுகாப்பு ஆய்வாளர் யோவான்னா ருட்கோவ்ஸ்கா தொடங்கிவைத்த இந்த இலவச மென்பொருளின் முதல் பதிப்பு 2012இல் வெளிவந்தது. ஸென் என்ற மென்பொருளை அடித்தளமாகக் கொண்டு, ஒரே கணினிக்குள் ஒன்றையொன்று எட்டிப்பார்க்க முடியாத பல மெய்நிகர் கணினிகளை, அதாவது தனித்தனிப் பகுதிகளை, இது இயக்குகிறது. வங்கிக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று. கடவுச்சொற்கள் இருக்கும் பகுதிக்கோ இணையத் தொடர்பே கிடையாது. எது எந்தப் பகுதி என்பதை ஜன்னலைச் சுற்றியுள்ள நிறமே காட்டிவிடும். எனக்கு வங்கி பச்சை, பொதுவாக இணையத்தில் உலாவுவது சிவப்பு. வாடிக்கையாளர் அனுப்பிய கோப்பை ஒருமுறை மட்டும் வாழும் பகுதியில் திறக்கச் சொன்னால், அதற்கென்றே புதிதாக ஒன்று எழுந்து வருகிறது. படித்து மூடியதும், அதற்குள் என்ன நடந்திருந்தாலும் அதோடு போய்விடுகிறது.

சிரமங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 16 ஜிபி நினைவகம் பரிந்துரைக்கப்படும் இதை 8 ஜிபியில் ஓட்டிப் பார்த்து, பொறுக்க முடியாமல் இரட்டிப்பாக்கினேன். ஒரு பகுதியிலிருந்து மற்றொன்றுக்கு ஓர் எண்ணை நகலெடுத்து ஒட்ட, இரண்டு அல்ல, நான்கு முறை விசைகளை அழுத்த வேண்டும். வீடியோ அழைப்பில் மின்விசிறி இரைகிறது. டிஜிட்டல் கையெழுத்துக்கான யுஎஸ்பி டோக்கனைச் செருகினால் மட்டும் போதாது, எந்தப் பகுதிக்கு அது போக வேண்டும் என்றும் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். இதை அறியாமல் கடைசித் தேதி ஒன்றின் மாலையில் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

தொலைபேசியில் கேட்பவரிடம் ஓடிபியைச் சொல்லிவிட்டால் எந்த இயங்குதளமும் காப்பாற்றாது. இதை உருவாக்கியவர்களே ‘நியாயமான அளவுக்குப் பாதுகாப்பானது’ என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். அந்த அடக்கம்தான் எனக்கு நம்பிக்கை தந்தது.

தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் இதை நிறுவும் முறையைத் தமிழில் வெளியிட்டால், கணக்கர், வழக்கறிஞர், நிருபர் எனப் பலருக்கும் பயன்படும். லேப்டாப் வாங்குமுன் அந்த மாடல் க்யூப்ஸ் இணையதளத்தில் உள்ள, ஒத்துப்போகும் வன்பொருள் பட்டியலில் உள்ளதா என்று பார்க்கச் சொல்லி அதைத் தொடங்குங்கள். பார்க்காமல் வாங்கியதால் வைஃபை அட்டையை நான் மாற்ற நேர்ந்தது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், ஈரோடு